தீ அணைந்த பிறகு யார் இடிக்கிறார்கள்?

சென்னை சென்ட்ரல் புறநகர் ரயில் நிலைய வளாகத்தில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தருகே, ஒரு குட்டி மூர் மார்க்கெட் நிற்கிறது. 1900-ல் திறக்கப்பட்ட அசல் மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. எரிந்ததில் எஞ்சியதும் அகற்றப்பட்டு, அங்கே ரயில்வே கட்டடம் எழுந்தது. இப்போது இருப்பது மாதிரி வடிவம் மட்டுமே. சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹால் 2012 பொங்கல் விடுமுறையின்போது எரிந்து, கூரை சரிந்தது. இன்று அதே சுவர்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. இரண்டும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியவை. ஒன்று போனதற்கும் ஒன்று நின்றதற்கும் நெருப்பின் கடுமை மட்டும் காரணமாகாது. நெருப்பு அணைந்த பின் எடுத்த முடிவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இதை இப்போது பேசவேண்டியிருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைப்பதற்கான சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வருவதற்குள் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. எந்தக் கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பது என்பதுதான் இதுவரை நடந்த விவாதங்களின் மையம். பட்டியலில் உள்ள கட்டடம் ஒரு நள்ளிரவில் எரிந்தால் மறுநாள் காலை யார் பொறுப்பு, எத்தனை நாளைக்குள் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி ஓரத்திலேயே கிடக்கிறது. இந்தக் கட்டடங்கள் அருங்காட்சியகப் பொருள்கள் அல்ல. அரசு அலுவலகம், அஞ்சலகம், வங்கி, நீதிமன்றம், கடைவீதி என்று அன்றாடம் மக்கள் போய்வரும் இடங்கள். விசிறியும் விளக்கும் மட்டும் ஓடிய காலத்து வயரிங்கில் ஏசியும் கணினியும் ஏறியிருக்கின்றன. மேசைக்கு மேசை கோப்புக் கட்டுகள், மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகள். இங்கெல்லாம் தீயே பிடிக்காது என்று எந்த அதிகாரியாலும் எழுதிக் கொடுக்க முடியாது.

சுவர் எதனால் விழுகிறது?

தீப்பிடித்த பழைய கட்டடத்தின் படத்தைப் பார்த்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று தோன்றுகிறது. கரி அப்பிய சுவர், வானம் தெரியும் ஜன்னல்கள், உள்ளே குவிந்த இடிபாடு. ஆனால் சூளையில் 900 டிகிரிக்கு மேல் வெந்து வந்ததுதான் செங்கல். கட்டடத் தீயின் வெப்பம் பெரும்பாலும் அதற்குப் புதிதல்ல. இரண்டடி, மூன்றடி கனமுள்ள சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சூடு மேல்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போக நேரம் பிடிக்கும். காரை பெயரும், சாந்து சில அங்குலம் வலுவிழக்கும். கருங்கல் தூணோ மணற்கல் அலங்காரமோ இருந்தால் செதில் செதிலாக உதிரும். உள்ளே சுவர் பல இடங்களில் திடமாகவே இருக்கும்.

அப்படியானால் தீக்குப் பின் சுவர் விழுவது ஏன்? பிடிமானம் போவதால். சென்னையின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கைமரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோட்டில் குத்துக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் உடைசெங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கைப் போட்டு மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. மழையை மறைப்பதோடு, எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றையொன்று பிடித்திருக்கச் செய்வதும் இந்தக் கனத்த கூரைதான். அது உள்ளே சரிந்ததும் முப்பது நாற்பது அடி உயர முகப்பு தன்னந்தனியாக நிற்கிறது. பின்னாளில் நுழைத்த இரும்பு கர்டர்கள் இன்னொரு சிக்கல். ஆறு மீட்டர் கர்டர் 600 டிகிரிக்குச் சூடேறினால் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நீளும்போது சுவரை வெளியே தள்ளும், குளிரும்போது பழைய இடத்துக்கு உள்வாங்கும். சுவர் மட்டும் தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். தேக்கு நிதானமாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகிறது. இரும்பு அந்த அவகாசம் தருவதில்லை.

இதற்குமேல் தண்ணீர். தீயணைக்கப் பீய்ச்சிய ஆயிரக்கணக்கான லிட்டர் சுவருக்குள் இறங்கியிருக்கும். கூரை போனதால் சுவரின் தலை திறந்து கிடக்கும். அடுத்த மழை நேராக நடுவயிற்றில் இறங்கும். சுண்ணாம்பு கரையும், உப்பு பூக்கும், ஆறே மாதத்தில் அரசமரக் கன்று எட்டிப் பார்க்கும். இரண்டு பருவமழை கடந்த பிறகு வரும் பொறியாளர் 'கட்டடம் பலவீனமாக உள்ளது' என்று எழுதினால் அது உண்மையாகவே இருக்கும். தீயிலிருந்து தப்பிய சுவரைக் கவனிப்பாரற்ற இரண்டு வருடம் கொன்றிருக்கும். அறிக்கையில் மட்டும் காரணம் 'தீ விபத்து' என்று இருக்கும்.

முகப்பின் தலைவிதி முதல் சில நாள்களில் முட்டு கொடுத்தோமா, சுவரின் தலையை மூடினோமா, இடிக்கும் உத்தரவை நிறுத்தி வைத்தோமா என்பதில் இருக்கிறது. நம்மிடம் சட்டமாக இல்லாதது இந்த நாள்களுக்கான நடைமுறைதான்.

கோபன்ஹேகனும் பாரிஸும்

முட்டு கொடுத்தால் எல்லாச் சுவரும் நின்றுவிடுமா? நிற்காது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், 17-ஆம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் கிறிஸ்தியன் எழுப்பிய பங்குச் சந்தைக் கட்டடமான பெர்சன், 2024 ஏப்ரல் 16 அன்று எரிந்தது. கூரையும், நான்கு டிராகன் வால்கள் முறுக்கிய புகழ்பெற்ற கோபுரமும் போயின. சுவரைத் தாங்கக் கான்கிரீட் நிரப்பிய சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கினார்கள். ஆனாலும் இரண்டு நாள் கழித்து வெளிச்சுவரின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. முயன்றும் கைநழுவியது. அதற்காக டேனிஷ்காரர்கள் மிச்சத்தையும் இடித்துத் தள்ளிவிடவில்லை. மீண்டும் எழுப்புவது என்று தீர்மானித்து வேலையைத் தொடங்கினார்கள். தெருவில் போவோருக்குக் காயமில்லாமல் சுற்றிலும் அடைத்துவைத்திருந்ததால் அந்தச் சரிவு ஒரு செய்தியாக மட்டும் முடிந்தது.

பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று கூரையும் ஊசிக்கோபுரமும் எரிந்து விழுந்தன. இரட்டைக் கோபுர முகப்பு தப்பியது. ஐந்தே ஆண்டில், 2024 டிசம்பரில், ஆலயம் திறந்தது என்ற வேகத்தைத்தான் உலகம் வியந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஐந்தாண்டின் முதல் பாதி. 2021 கோடை வரை புனரமைப்பு என்று எதுவுமே நடக்கவில்லை. வெளித்தாங்கு வளைவுகளுக்கு அடியில் மரச்சட்டங்கள் பொருத்தினார்கள். நெருப்பில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய சாரக் குழாய்களை, ஏறத்தாழ 40,000 துண்டுகளை, ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார்கள். விழுந்த கல்லையும் கரிந்த மரத்தையும் எண் போட்டு அடுக்கினார்கள். அவர்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பு: ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் தீக்குப் பல ஆண்டுகள் முன்பே பேராலயத்தை லேசர் கருவியால் அளந்து வைத்திருந்தார். அவர் 2018-லேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன அளவுகள் புனரமைப்புக்கு உதவின.

'பிரான்ஸிடம் பணம் இருக்கிறது' என்பார்கள். பிரேசில் அத்தனை செல்வ நாடு அல்ல. ரியோவின் தேசிய அருங்காட்சியகம், ஒருகாலத்தில் அரச மாளிகையாக இருந்த கட்டடம், 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தபோது பக்கத்துத் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. பல லட்சம் அரும்பொருள்கள் சாம்பலாயின. வெளிச்சுவர்கள் நின்றன. 2022-ல், பிரேசில் விடுதலையின் இருநூறாம் ஆண்டில், முகப்பை முதலில் சீர்செய்து மக்கள் பார்வைக்கு விட்டார்கள். உள்ளே வேலை மிச்சமிருந்தது. எல்லாவற்றுக்கும் பணம் சேரட்டும் என்று காத்திருந்தால் சுவரும் போயிருக்கும். கட்டம் கட்டமாகச் செய்வது வசதியற்றவர்களின் வழி. நமக்குப் பொருந்தும் வழியும் அதுதான்.

உயிரைவிடச் சுவர் பெரிதா?

எதிர்வாதங்களில் இதுதான் கனமானது. கலச மஹால் தீயில் ஒரு தீயணைப்பு அலுவலர் உயிரிழந்தார், வேறு சிலர் படுகாயமடைந்தனர். 250 ஆண்டுப் பழமைக்காக இன்னொரு உயிர் போகவேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தெருவில் நடப்பவரும் பக்கத்துக் கடைக்காரரும் கேட்பதும் நியாயமே. கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014-ல் ஒருமுறையும், பழுதுபார்க்கும் வேலை முடியும் தறுவாயில் 2018-ல் மறுமுறையும் எரிந்தபோது, சுவர் ஆபத்து காரணமாகச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களும் வணிகர்களும் மாதக்கணக்கில் தங்கள் இடங்களுக்குப் போகமுடியாமல் தவித்தார்கள். பாரம்பரியப் பற்றாளர்கள் இந்தத் துன்பத்தை அடிக்குறிப்பாகக்கூடச் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும்.

ஆனால் 'ஆபத்து' என்ற சொல் இங்கே எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கவேண்டும். ஆபத்து ஒரு மூலையில் இருக்கும், நோட்டீஸ் முழுக் கட்டடத்துக்கும் ஒட்டப்படும். கிளாஸ்கோவில் சாய்ந்த பகுதிகளை மேலிருந்து கவனமாகக் கழற்றினார்கள், மற்றவற்றுக்குச் சாரம் கட்டினார்கள். எந்தப் பகுதி, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எதைக் கழற்றினால் மீதி நிற்கும் என்று எழுத்தில் சொல்லவேண்டியது பொறியாளரின் கடமை. கான்கிரீட் மட்டும் படித்தவருக்குச் சுண்ணாம்புச் சுவர் எல்லாமே பலவீனமாகத்தான் தெரியும். அவசர இடிப்பு பாதுகாப்பானது என்ற நினைப்பும் சரியல்ல. பிடிமானம் இழந்த சுவர்களுக்கு நடுவே பொக்லைன் இறங்குவது அங்கே வேலை செய்பவருக்குப் பெரிய ஆபத்து.

அடுத்தது செலவு. பழுதுபார்ப்பது எப்போதும் மலிவு என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் புதிதாகக் கட்டுவதைவிடக் கூடும். கணக்கை முழுதாகப் போடவேண்டும் என்பதே கோரிக்கை. இடிக்கும் செலவு, இடிபாட்டை அகற்றும் செலவு, புதுக் கட்டடத்தின் செலவு, அதுவரை அலுவலகத்துக்குக் கட்டும் வாடகை எல்லாம் ஒருபக்கம். சாரம், சாந்து, தேக்கு, கொத்தனார் கூலி இன்னொரு பக்கம். பழுதுபார்ப்பில் பெரும்பகுதி கூலியாகப் போகிறது. கலச மஹாலையும் அதன்பின் அதே அரண்மனையின் ஹுமாயூன் மஹாலையும் மீட்டபோது பொதுப்பணித் துறைக்குள்ளேயே சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பிரிவு உருவாகியிருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் அடுத்த கட்டடத்தின் செலவைக் குறைக்கும்.

'வெள்ளைக்காரன் கட்டியதைக் காப்பானேன்' என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. சேப்பாக்கம் அரண்மனை 1768-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக எழுந்தது, கும்பினி அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது. மூர் மார்க்கெட்டின் பெயர் ஓர் ஆங்கிலேய அதிகாரியுடையது. ஆனால் அங்கே பழைய புத்தகம் தேடி அலைந்தவர்கள் நம் மாணவர்கள், விற்றவர்கள் நம் வணிகர்கள்.

முகமூடி போதுமா?

எனக்கு மிகவும் பொருட்படுத்தத்தக்கதாகப் படும் எதிர்வாதம் பாதுகாப்பின் மறுமுனையிலிருந்து வருவது. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு, பின்னால் பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பினால் அது பாதுகாப்பா, பாவனையா? ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, கதவுக்குப் பின்னால் கூடம் இல்லை. இப்படிச் செய்வதைவிட இடித்துவிடுவது நேர்மை என்று வாதிடும் கட்டடக் கலைஞர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. முகப்பு சுவரொட்டி அல்ல. அதன் ஜன்னல் உயரம் உள்ளேயுள்ள தளத்தின் உயரத்தைச் சொல்கிறது, வராந்தா வெயிலின் திசையைச் சொல்கிறது. ஆகவே முகப்போடு குறைந்தது முதல் வரிசை அறைகளும் அதன் கூரையும் பழைய உயரத்திலேயே திரும்பவேண்டும். கட்டுமானப்படி பார்த்தாலும் சுவரைப் பிடித்து நிறுத்த அந்தக் கூரை வேண்டும். ஆனால் உள்ளே எல்லாம் போய்விட்டது, முகப்புதான் மிச்சம் என்ற நிலையில், மிச்சத்தையும் இடிப்பதை நேர்மை என்று என்னால் ஏற்கமுடியவில்லை. சென்னை ராஜாஜி சாலையின் பொது அஞ்சலகம் 2000-ல் தீக்கிரையாகி உட்புறம் பெரும் சேதமடைந்தது. கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்து 1884-ல் திறந்த அந்தச் சிவப்பு முகப்பு நிற்பதால்தான் அது இன்றும் அஞ்சலகமாகவே இருக்கிறது. அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் 1983-ல் எரிந்த இடத்தில் வணிக வளாகம் இருக்கிறது, பெயர் மட்டும் பழையது.

தீயின் தடத்தை அழித்துவிடலாமா என்ற இன்னொரு கேள்வியை யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுப்பியது. அது விபத்து அல்ல. 1981 மே 31 இரவில் தொடங்கிய தீவைப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் சுவர்கள் எரிந்த எலும்புக்கூடாக நின்றன, பின்னர் போரில் குண்டுவீச்சையும் தாங்கின. அதைப் பழையபடி வெள்ளையடித்து நிறுத்துவது குற்றத்தின் சாட்சியை மறைப்பதாகும், எரிந்த கோலத்திலேயே நினைவிடமாக விடவேண்டும் என்று ஒரு தரப்பு வலுவாகச் சொன்னது. நகரத்துக்கு நூலகம் வேண்டும் என்றது மறுதரப்பு. கடைசியில் பழைய தோற்றத்தில் புதுப்பித்தார்கள், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். முகப்பு மீண்டாலும் சுவடிகள் மீளவில்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும். சுவரைக் காப்பது உள்ளே இருந்ததைக் காப்பதற்கு ஈடாகாது. இத்தகைய இடங்களில் ஓர் அறையையோ சுவரின் ஒரு பகுதியையோ பூசாமல், கரிப்படிவோடு விட்டுவைப்பதே பொருத்தம் என்பேன். ஆனால் அந்தத் தேர்வைச் செய்யவும் சுவர் இருக்கவேண்டும். இடித்துவிட்டால் இரு தரப்புக்கும் எதுவும் மிஞ்சாது.

என்ன செய்யவேண்டும்?

முதலில், பட்டியலில் உள்ள கட்டடம் எரிந்தாலும் பட்டியலிலிருந்து நீங்காது என்று விதியில் எழுதவேண்டும். எரிந்த மனையில் புதுக் கட்டடம் வந்தாலும் பழைய உயரத்துக்கும் பரப்புக்கும் மேல் ஒரு சதுர அடிகூட அனுமதி கிடைக்காது என்பதும் சேரவேண்டும். இன்று நகர மையத்தில் பழைய கட்டடத்தைவிட அது நிற்கும் மனை பலமடங்கு மதிப்புள்ளது. பராமரிக்காமல் விட்டவருக்குத் தீ ஒரு லாபமாக முடியும் வழி திறந்திருக்கும்வரை மின்தணிக்கைக்கு யார் பணம் செலவழிப்பார்?

தீக்குப் பின் முப்பது நாள்களுக்கு எந்த இடிப்பும் கூடாது. உடனடி உயிராபத்து உள்ள பகுதிக்கு மட்டும், சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் இடம் குறித்து எழுதிக் கொடுத்தால், விலக்கு தரலாம். அந்த முப்பது நாள்களில் சாரமும் முட்டும் தார்ப்பாயும் வந்து சேர, டெண்டர் விட்டு உட்காரக் கூடாது. புயல் காலத்துக்கு மரம் அறுக்கும் கருவியும் ஜெனரேட்டரும் தயாராக வைப்பதுபோல, விலை நிர்ணயித்த ஒப்பந்தமும் சிறு நிதியும் பொதுப்பணித் துறையிடம் ஆண்டு முழுதும் இருக்கவேண்டும். இடிபாட்டை லாரியில் அள்ளிக் குப்பைமேட்டுக்கு அனுப்பும் வழக்கமும் நிற்கவேண்டும். தேக்குத் துண்டு, தட்டோடு, வார்ப்பிரும்புக் கிராதி, காரை அலங்காரம் எல்லாம் அந்தக் குவியலில்தான் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து அடுக்காமல் பழைய அளவில் எதையும் திரும்பச் செய்யமுடியாது.

கடைவீதி எரிந்தால் வணிகர்களுக்கு அருகிலேயே தற்காலிக இடமும், மீட்ட கட்டடத்துக்குத் திரும்பிவரும் உரிமையும் எழுத்துப்பூர்வமாகத் தரப்படவேண்டும். மூர் மார்க்கெட் கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனபோது கூட்டமும் அவர்களோடு முழுதாகப் போய்விடவில்லை. பிழைப்பு காப்பாற்றப்படும் என்ற உறுதி கிடைத்தால் கடைக்காரர்கள்தான் கட்டடத்துக்காகப் பேசும் முதல் ஆட்களாக இருப்பார்கள்.

பழுதுபார்க்கும் காலத்துக்குத் தனி விதி வேண்டும். நோத்ர்தாம், பெர்சன், கிளாஸ்கோவின் இரண்டாம் தீ மூன்றுமே சீரமைப்பு வேலை நடக்கும்போது பிடித்தவை. 1992-ல் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டை எரிந்ததும் அப்படித்தான். வெல்டிங், பிளாஸ்டிக் தாள், தற்காலிக மின் இணைப்பு, வேலையாள் போனபின் காவல் இல்லாத இரவு எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. மீட்பு வேலைக்கான ஒப்பந்தத்திலேயே இரவுக் காவலும், வெல்டிங் முடிந்தபின் சில மணிநேரக் கண்காணிப்பும் தனிச் செலவினமாக வரவேண்டும்.

கடைசியாக, செலவு குறைந்த ஒரு வேலை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் அளவெடுத்த வரைபடமும் புகைப்படத் தொகுப்பும் தயாரித்து ஆணையத்திடம் ஒரு பிரதி, அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்திடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது, எங்கே மெட்ராஸ் டெரஸ், எங்கே கர்டர், எந்தக் கூரைக்கு அடியில் எத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது, இரவில் எந்தப் பொறியாளரை அழைக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். சேப்பாக்கம், பாரிமுனை, எழும்பூர் பகுதிக் கட்டடங்களில் தொடங்கி இந்தக் கோடைக்குள் முதல் தொகுதியை முடித்துவிட முடியும்.